கயிற்றின் மேல் நின்ற பயிர்

முதலில் துரோகம் செய்தது நவமணி அம்மாதான், சேஷாத்திரி இல்லை. சேஷாத்திரி வெறும் குமாஸ்தா, புத்தகத்தில் அச்சாகி இருந்ததை வாய்விட்டுப் படித்தான், படித்துவிட்டுச் சிரித்தான், அந்தச் சிரிப்புக்காக அவன் சாவுக்குக்கூட இருசப்பன் போகவில்லை, ஆனாலும் முதல் ஆள் அவன் இல்லை. முதல் ஆள் அதோ மேடையில், சக்கர நாற்காலியில், மடியில் சால்வையும் அதன் மேல் சந்தன மாலையுமாக உட்கார்ந்திருக்கிறார். எண்பத்திரண்டு வயது. தலை பஞ்சாகிவிட்டது. மூக்கு நுனிக்கு இறங்கும் கண்ணாடியை மட்டும் இப்போதும் புறங்கையால்தான் ஏற்றிவிடுகிறார், விரலில் மை இருந்த காலத்துப் பழக்கம். பின்னால் துணித்தட்டியில் பெரிய எழுத்து: புள்ளியியலின் முன்னோடிப் பெண்மணி டாக்டர் நவமணி ஏசுதாசன், தன்வரலாற்று நூல் தமிழில் வெளியீடு. கடைசிக்கு மூன்றாவது வரிசையிலிருந்து இருசப்பன் அதை முழுக்கப் படித்தார், உதடு அசைத்து, ஒரு எழுத்து விடாமல். எல்லாரும் பார்க்கட்டும், நாலாம் வகுப்பு வரை படித்தவன்தான் நான். உள்ளே வருமுன்பே வாசலில் மேஜை போட்டுப் புத்தகத்தை அடுக்கியிருந்தார்கள். ஒன்றை எடுத்துப் புரட்டி, அந்த இடத்தைத் தேடிப் பிடிக்க அவருக்கு அரைமணி ஆயிற்று. முப்பது வருஷத்துக்கு முன்னால் சேஷாத்திரி இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னது இப்போது தமிழிலேயே இருந்தது. 'எழுதப் படிக்கத் தெரியாத கூலியாள் ஒருவர், எல்லைக் கயிற்றின் மேல் நின்ற பயிரையெல்லாம் உள்ளே சேர்த்து அறுத்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். பிழை அங்கேதான் பிறந்தது.' எழுதப் படிக்கத் தெரியாத என்பதை இருசப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தார். கவனித்தேன் என்பதை இரண்டு தரம் படித்தார். யார் கவனித்தது? யாருடைய கண்? காலையில் சைதாப்பேட்டையில் பஸ் ஏறுமுன் மகள் அமுதா சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே கேட்டாள், "அம்பது வருசத்துக்கு முந்தின சங்கதிப்பா. அந்தம்மா உன்ன மறந்தே போயிருக்கும்." "மறந்திருந்தா ஞாபகப்படுத்தறேன்." "சண்ட கிண்ட போடப் போறியா?" "சண்ட இல்ல. கேக்கப் போறேன். இதச் சொன்னவன் இருசப்பன்னு அந்த மைக்குல ஒரு வார்த்த சொல்லச் சொல்லிக் கேக்கப் போறேன். அவ்ளோதான்." எண்பத்திரண்டு வயதுக்காரருக்கு இன்னொரு கூட்டம் நடக்குமா நடக்காதா, யார் கண்டது, தனக்கே எழுபத்து நாலு, இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

துறைத் தலைவர் என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பெண் கணக்குப் படிப்பதே அதிசயமாக இருந்த காலம், ஆண்கள் மட்டுமே இருந்த அலுவலகம், ஜீப்பிலும் மாட்டு வண்டியிலும் முந்நூறு கிராமங்கள். முந்நூறா, இருசப்பன் மனதுக்குள் திருத்தினார், முந்நூற்றுப் பன்னிரண்டு, நான் கூடவே இருந்தேன். குளிர்சாதனக் காற்று நேராகப் பிடரியில் அடித்தது, துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டார், இந்த ஆள் வெயிலைப் பற்றிப் பேசுகிறான் குளிரில் நின்றுகொண்டு. ஐம்பத்தேழாம் வருஷம், தை மாதம், உத்திரமேரூர் பக்கம் ஒரு ஊரில் அம்மா ஜீப்பைவிட்டு இறங்கியபோது கிராம முன்சீப்பு எழுந்திருக்கவே இல்லை. இருந்தது ஒரு நாற்காலி, அதில் அவர் உட்கார்ந்திருந்தார். "ஆபீசர் எப்ப வருவார்?" என்று அம்மாவிடமே கேட்டார். "வந்தாச்சு" என்றார் அம்மா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. அப்புறம் அந்தப் புத்தகத்தைத் திறந்தார், வெறும் எண்களாகவே அச்சடித்த புத்தகம், பக்கம் பக்கமாக எண்கள், முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எண்கள். கண்ணை மூடி விரல் வைத்த இடத்தில் என்ன எண்ணோ அந்த வயல்தான் எடுக்க வேண்டும், நல்ல வயல் கெட்ட வயல் என்று மனுஷன் பார்த்து எடுக்கக் கூடாது. வேடிக்கை பார்த்த ஊர்க்காரர்களில் ஒரு கிழவர் முன்னால் வந்து கும்பிட்டார். "அம்மா, இது என்ன பஞ்சாங்கமுங்களா? என் ரெண்டாவது பொண்ணுக்கு எப்பக் கல்யாணம் ஆவும்னு கொஞ்சம் பாருங்களேன்." அம்மா சிரிக்காமல் விரல் வைத்துப் பார்த்து, "நாற்பத்தொண்ணு" என்றார். கிழவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "நாப்பத்தோரு வயசுலயா!" அப்போதுதான் அம்மா சிரித்தார், இருசப்பனும் சிரித்தார், இருபது வயசு இருசப்பன், தோளில் கயிற்றுச் சுருள், கையில் நாலு முளைக்குச்சி, அரிவாள், சாக்கு, தராசு. வயலின் கன்னிமூலையிலிருந்து, அம்மா சொல்லும் எண்ணுக்கு இத்தனை அடி நீளவாட்டில், இத்தனை அடி அகலவாட்டில் நடந்துபோய் முதல் குச்சியை அடிக்க வேண்டும். அங்கேயிருந்து கயிற்றைப் பிடித்துச் சதுரம் கட்டி, உள்ளே இருப்பதை அறுத்து, அடித்து, நிறுக்க வேண்டும், அதை வைத்துத்தான் ஏக்கருக்கு எவ்வளவு விளைச்சல் என்று சர்க்கார் கணக்குப் போடும். இதை இந்தக் கோட்டுக்காரர் இரண்டே வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டார், மாதிரிக் கணக்கெடுப்பு என்று. முளைக்குச்சி உள்ளங்கையில் ஏறிய இடம் இப்போதும் மழைக்காலத்தில் குத்துகிறது, அதற்கு என்ன வார்த்தை வைத்திருக்கிறார்கள்?

சதுரத்தில்தான் வந்தது எல்லாம். முன்பெல்லாம் பெரிய அளவு, முப்பத்து மூன்று அடிக்குப் பதினாறரை, அறுத்து முடிக்க ஒரு பகல் போய்விடும். மெட்ராஸ் ஆபீசில் இருந்த மாதவராவ், டைரக்டர், ஆறடிக்கு ஆறடி போதும் என்று உத்தரவு போட்டார், சீக்கிரம் முடியுமாம். முடிந்தது. ஆனால் சின்னச் சதுரம் வந்ததிலிருந்து ஏக்கருக்கு நெல் கூடிக்கொண்டே போயிற்று, காகிதத்தில். வயல் அதே வயல், மழை அதே மழை. காகிதத்தில் கூடினால் சர்க்கார் கொள்முதல் கூடும், குடியானவன் வீட்டுக் குதிரில் கை வைப்பார்கள். ஊருக்குள் நுழையும்போதே பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள், இருசப்பன் தலையில் விழுந்தது, அம்மா தலையிலும் விழுந்தது. அம்மா ராத்தூக்கம் இல்லாமல் கணக்குப் போட்டார், தராசைச் சந்தேகப்பட்டார், ஈரத்தைச் சந்தேகப்பட்டார், எண்புத்தகத்தையே சந்தேகப்பட்டார். கயிற்றைச் சந்தேகப்படவில்லை. கயிறு இருசப்பன் கையில் இருந்தது. நிற்கிற பயிரில் கயிறு கட்டினால் கயிறு நேராகப் போகுமா, தூர் வெளியே நிற்கும், கதிர் உள்ளே சாய்ந்திருக்கும், கயிறு சரியாக நடுத்தூரின் மேல் உட்காரும். அதை விட்டுவிட்டு அறுக்க எந்தக் கைக்கு மனசு வரும்? இருசப்பனின் அம்மா அறுப்புக்குப் போனவள், தரையில் கிடந்த ஒரு கதிரைத் தாண்டி வந்ததற்காக அவரைக் களிமண் கையோடு முதுகில் அறைந்தவள். அந்தக் கை விடுமா? கயிற்றின் மேல் நிற்கிறதெல்லாம் உள்ளேதான். அவர் மட்டுமா, சுற்றுவட்டாரத்தில் கயிறு பிடித்த அத்தனை பேரும் அதேதான். அதை அம்மாவிடம் இருசப்பன்தான் சொன்னார். சாலையோரத்தில் ஒரு கடை, அந்தக் கடைக்காரி உள்ளங்கை அகலத்துக்குத் தோசை வார்ப்பாள், அம்மா ஒன்றைப் பிய்த்து, "என்ன இருசப்பா, மொறுமொறுன்னு ஓரமாவே இருக்கு, நடுவே காணோம்" என்றார். அப்போது இருசப்பனுக்குள் சட்டென்று அது வந்து நின்றது. "நம்ம சதுரமும் அப்படித்தாம்மா" என்றார். "எப்படி?" "சின்னத் தோசையில ஓரந்தான் ஜாஸ்தி. சின்னச் சதுரத்துல கயிறுதான் ஜாஸ்தி. கயித்து மேல நிக்கறத நாங்க உள்ள சேத்துப்புடறோம். பெரிய அளவுல அது தெரியாது. இதுல தெரியுது." அம்மா வாயில் போட்டதை மெல்லவில்லை.  தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வயலுக்கு நடந்தார், செருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு. மாலை வரைக்கும் மண்டியிட்டு ஒவ்வொரு தூராக எண்ணினார், வேர் உள்ளே, வேர் வெளியே, வேர் உள்ளே. இருசப்பன் சொல்லச் சொல்ல அம்மா எழுதினார். அந்த வருஷம் பதினேழு ஊரில் அதையே செய்தார்கள், கயிற்று மேல் நிற்பதைச் சேர்த்தும் விட்டும் இரண்டு விதமாக அறுத்து. அதுதான் பிற்பாடு டெல்லிக்குப் போயிற்று, ஐ.நா. உணவு சபை இருக்கிற ரோமாபுரிக்குப் போயிற்று, இந்த மேடைக்கும் வந்திருக்கிறது.

அடுத்தவர் பேச வந்தார், நடுத்தர வயதுப் பேராசிரியை, பளிச்சென்ற பட்டு. மேடம் பட்ட கஷ்டம் என்று ஆரம்பித்து மாதவராவ் கதைக்கு வந்தார். அம்மா எழுதிய கட்டுரையில் தன் பெயரை மேலே போட்டு, அம்மா பெயரை அடியில் நன்றி என்று ஒரு வரியில் தள்ளிய டைரக்டர். கூட்டம் த்சு கொட்டியது. இருசப்பனும் த்சு கொட்டினார், கொட்டிவிட்டுத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. அந்த நாள் இவர்களுக்குக் கதை, இவருக்கு ஜீப்பின் பின்சீட்டு. செங்கல்பட்டு தாண்டி, புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்தச் சொல்லி அம்மா அழுதார். மூக்கைச் சிந்திக்கொண்டு, பத்திரிகையை இவர் முன்னால் நீட்டி, "பார் இருசப்பா, கண்டுபிடிச்சவ ஒருத்தி, பேரு இன்னொருத்தனுக்கா? வயல்ல முட்டி தேஞ்சவ நானு. இது அடுக்குமா?" என்றார். அடுக்காதும்மா என்று இவர்தான் சொன்னார். இவர்தான் சொன்னார்! அந்த நிமிஷம் அவருக்குத் தன் ஞாபகமே வரவில்லை, அம்மாவுக்காக அவ்வளவு கோபம் வந்தது, டிரைவர் முன்னாலேயே அந்த மாதவராவைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். நாலு வருஷம் அம்மா விடவில்லை, டெல்லிக்கு எழுதினார், கமிட்டி வைத்தார்கள், வயல் குறிப்பேடுகளைக் கேட்டார்கள், மழையில் நனையாமல் டிரங்குப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றித் தலையில் சுமந்துபோய்க் கொடுத்தது இருசப்பன். ஜெயித்தார். பெயர் மேலே ஏறியது. ஏறிய பெயர் இறங்கவே இல்லை, பட்டம், பதவி, விமானம். நல்லது, ஏறட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் பெயர் இல்லாமல் போனால் எப்படி எரியும் என்று அந்த ஆபீசிலேயே தெரிந்த ஒரே ஆள் அம்மாதானே. தெரியாதவன் செய்தால் தெரியாமல் செய்தான் என்று விடலாம். தெரிந்தவர். புளியமரத்தடியில் அழுதவர். அவர் போய்ப் புத்தகம் எழுதி, சேஷாத்திரி அதைச் சாப்பாட்டு வேளையில் எட்டுப் பேர் நடுவில் படித்து, "இருசப்பா, புஸ்தகத்துல வந்துட்டியேடா! பிழை பொறந்த எடமே நீதான்டா!" என்று சொல்லி, அதிலிருந்து ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஆபீசில் எந்தக் கூட்டல் தப்பினாலும் "இருசப்பனைக் கேளு" என்றார்களே. பேத்தி கல்யாணத்தில்கூட எவனோ ஒரு பழைய பியூன் அதைச் சொல்லிச் சிரித்தானே.

விளக்கை அணைத்தார்கள், திரையில் தோசை வந்தது. இருசப்பன் துண்டை இறுக்கிப் பிடித்தார். ஒரு பெரிய தோசை, பக்கத்தில் ஒரு சின்னத் தோசை, ஓரத்தில் சிவப்புக் கோடு. "இதை உலகமெங்கும் மாணவர்கள் நவமணி தோசை என்றுதான் சொல்கிறார்கள்" என்றார் பேராசிரியை. கைதட்டல். மேடையில் அம்மா தலையை ஆட்டிச் சிரித்தார், குழந்தை மாதிரி. நவமணி தோசையாம். அடுத்து ஒரு போட்டோ, வயலில் அம்மா நோட்டோடு குனிந்திருக்கிறார், படத்தின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்த ஒரு கை, மணிக்கட்டோடு படச்சட்டம் வெட்டிய கை. அரிவாள் பட்டு நகம் பிளந்த கட்டைவிரல். இருசப்பன் தன் கட்டைவிரலைப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையில்லை. "இந்தத் தவறான கைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்" என்றார் பேராசிரியை, "அது தப்புச் செய்யாவிட்டால் மேடம் கண்டுபிடித்திருக்க முடியாதே!" முந்நூறு பேர் சிரித்தார்கள். முன்வரிசை, நடுவரிசை, பக்கத்து நாற்காலிப் பையன்கூட.  எழுந்துவிடலாமா, கத்திவிடலாமா, ஏய் அந்தக் கைதான்டி வாய் திறந்து சொல்லிச்சு என்று. அதற்குள் ஒரு பயம் எழுந்தது, எப்போதும் எழுகிற பழைய பயம். ஒருவேளை அம்மாதான் கேட்டாரோ? கயிற்று மேல நிக்கறத என்ன பண்றே இருசப்பா என்று முதலில் அவர் கேட்டு, நான் பதில் சொல்லியிருந்தால்? ஐம்பது வருஷமாகத் தனக்குள் சொல்லிச் சொல்லித் தேய்த்ததில் கேள்வி தேய்ந்து பதில் மட்டும் மிஞ்சிவிட்டதோ? அவர் அந்தக் கடைக்குத் திரும்பிப் போனார், ஆயிரமாவது தரம். பெஞ்சு ஆடுகிறது, ஒரு கால் குட்டை. சட்டினியில் உப்பு அதிகம். அம்மா பிய்க்கிறார், நடுவே காணோம் என்கிறார். அது தோசையைப் பற்றி. சதுரத்தைப் பற்றி இல்லை. சதுரம் என்ற வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. அம்மாவின் வாய் நின்றுபோயிற்றே, ஏன் நின்றது, தனக்கே தெரிந்த விஷயத்தைக் கேட்டு யாருக்காவது வாய் நின்றுபோகுமா? இல்லை. நான்தான். நான்தான் சொன்னேன். 

"சபையிலிருந்து யாராவது இரண்டு வார்த்தை" என்றார்கள். இருசப்பன் கையைத் தூக்கினார். மைக் முன்வரிசைக்குப் போயிற்று, அங்கிருந்து முன்வரிசைக்கே போயிற்று. எழுந்து நின்றார். சேலைக்கு மேல் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண் குனிந்து ஓடிவந்து, "அய்யா, பாத்ரூம் அந்தப் பக்கம்" என்றாள். "நான் பேசணும்மா." "நீங்க யாரு சார், யாரோட அப்பா?" "நான் யாரோட அப்பாவும் இல்ல, நான்..." என்று ஆரம்பிப்பதற்குள் நன்றியுரை வந்துவிட்டது, தேசிய கீதம் வந்துவிட்டது, அதற்கும் அவர் நின்றுதான் தீர வேண்டும். பாட்டு முடிந்ததும் கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் திரும்பியது, எதிர்த்திசையில் இவர் ஒருவர், தோளால் இடித்துக்கொண்டு. சரிவுப் பலகை வழியாக நாற்காலியை இறக்கிக்கொண்டிருந்தாள் ஒருத்தி, அம்மாவின் தங்கை மகள் கிரேஸ், சற்றுமுன் மேடையில் பெயர் சொன்னார்கள். "அம்மா" என்றார் இருசப்பன். கண்ணாடி புறங்கையால் ஏறியது. "யாரு?" ஒரு நிமிஷம்தான். "இருசப்பா! டேய், நீயா? இருக்கியா நீ?" கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார், பிளந்த நகத்தைத் தடவினார். எத்தனை வருஷம் சேர்த்துவைத்த பேச்சு, முழுக்க வரவில்லை, நடுவிலிருந்து ஒன்று உருண்டு வந்தது. "தோசையச் சொன்னது யாரும்மா?"

அம்மா சிரிப்பை நிறுத்தினார். கிரேஸ் பக்கத்தில் யாரிடமோ போனைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். "நீதான்" என்றார் அம்மா, குரலைத் தாழ்த்தி. "எனக்கு மறக்கலப்பா. நீதான் சொன்னே. செருப்பு விட்டுட்டு ஓடினேனே." இருசப்பன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான்தான். நான்தான். "அப்ப ஏன்மா அப்படி எழுதினீங்க? கவனிச்சேன்னு?" அம்மா அவரைப் பார்க்காமல் சந்தன மாலையைப் பார்த்தார். "உன் பேரைப் போட்டிருந்தா மாதவராவ் சும்மா விட்டிருப்பானா? கயிறு பிடிக்கிறவன் கண்டுபிடிச்சத இவ எழுதியிருக்கான்னு சொல்லியிருப்பான். ஒரு பொம்பளகிட்டேருந்து பிடுங்க அவனுக்கு அது போதாதா? கமிட்டியில ஒரு தடவ நான்தான் கவனிச்சேன்னு சொல்லிட்டேன். அப்புறம் அதையே சொல்ல வேண்டியதாப் போச்சு." உண்மைதான், அது உண்மை என்று இருசப்பனுக்குத் தெரிந்தது, மாதவராவ் அதைச் செய்யக்கூடியவன்தான், ஒரு கணம் பின்சீட்டில் அழுத அந்த முப்பது வயதுப் பெண்ணுக்காக மனசு இளகப் பார்த்தது, இளகவிடாமல் பிடித்தார். "அந்தாளு செத்து முப்பத்தஞ்சு வருசம் ஆச்சேம்மா" என்றார்.  அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பெரியம்மா, சாப்பாட்டுக்கு எல்லாரும் காத்துட்டிருக்காங்க." கிரேஸ் வந்து நாற்காலியின் பின்பிடியைப் பிடித்தாள். இருசப்பன் விலகவில்லை. மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், விளக்கை ஒவ்வொன்றாக அணைத்தார்கள், முந்நூறு பேரில் மிஞ்சியது இவள் ஒருத்தி. போகட்டும், ஒருத்திதான் என்றாலும் ஒருத்தி. "இவங்ககிட்டயாவது சொல்லுங்கம்மா" என்றார். குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "என்ன சொல்லணும் பெரியம்மா? யாரு இவங்க?" அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இருசப்பனைப் பார்த்தார், கிரேஸைப் பார்த்தார், வாய் திறந்தது, உள்ளே ஏதோ எழுந்து வந்து பல்லுக்குப் பின்னால் நின்றதை இருசப்பன் கண்ணால் பார்த்தார். "இவர் இருசப்பன்" என்றார் அம்மா. "அந்தக் காலத்துல என்கூட வேலை பார்த்தவர். ரொம்ப நல்ல மனுஷர்." "அப்படியா! வணக்கம் அங்கிள், சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று கிரேஸ் கைகூப்பினாள், நாற்காலியைத் தள்ளினாள். நல்ல மனுஷராம். அந்த ஆபீசில் சீட்டாடினவன், தூங்கினவன், கோப்பைத் தொலைத்தவன், அத்தனை பேரும் நல்ல மனுஷர்தான், செத்தபோது சேஷாத்திரியையும் நல்ல மனுஷன் என்றுதான் சொன்னார்கள். "நல்லவன்னு சொல்லச் சொல்லி நான் வரலம்மா" என்றார் இருசப்பன். சக்கரம் போய்க்கொண்டிருந்தது. "நான் சொன்னத நான் சொன்னேன்னு சொல்லச் சொல்லித்தான் வந்தேன்." சாப்பாட்டுக் கூடத்துக் கதவை யாரோ அகலத் திறந்து பிடித்தார்கள், உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது, நாற்காலி உள்ளே போனது, கதவு மூடிக்கொண்டது.